ஹட் பேக்குப் பொய் நோயாளியாகப் போய் வந்த ஆறு நாள்

சென்ற ஆகஸ்ட் மாதம், மழை விடாமல் அடித்த ஒரு வாரத்தில், போர்ட் பிளேரிலிருந்து ஹட் பேக்குப் போய் வந்தேன். (ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று தெரியும். நாற்பத்தாறு வருடமாகச் சொல்லி வாய் பழகிவிட்டது.) ஹட் பே என்பது லிட்டில் அந்தமான் தீவில் கப்பல் நிற்கிற ஊர். அருவி பார்க்கவும், அலைமேல் பலகை போட்டுச் சறுக்கவும் அங்கே போகிறவர்கள் உண்டு. நான் போனது நோயாளியாக. அதுவும் பொய் நோயாளியாக.

என் பேத்தி சங்கீதா மருந்தாளுநர். மெயின்லேண்டில் நான்கு வருடம் விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கி, இங்கே அரசு வேலையில் இருக்கிறாள். இருபத்தெட்டு வயதில் தீவு மருந்தாளுநர்களின் சங்கத்துக்குச் செயலாளர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை ஷாதிபூரில் எங்கள் தெருவில் யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். ‘கம்பவுண்டர் பொண்ணு’ என்று யாராவது சொன்னால் நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வேன்.

சின்னத் தீவுகளில், உள்ளடங்கிய குடியிருப்புகளில், சுகாதார மையத்துக்கு டாக்டர் என்றைக்கோ வருவார், போவார். மற்ற நாளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள். கூட்டுகிறவர், காவல்காரர், அட்டெண்டர். மருந்தைப் படித்தவர்தான் மருந்து கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு மருந்தாளுநர் வேண்டும் என்று சங்கீதாவின் சங்கம் மூன்று வருடமாக மனுக் கொடுத்தது. கடைசியில் ஒரு பதில் வந்தது. பணியிடம் பிறகு பார்க்கலாம். அதுவரை, இப்போது மருந்து கொடுக்கிறவர்களுக்கு நீங்களே மூன்று நாள் பயிற்சி கொடுத்துப் பரீட்சை வையுங்கள். தேறியவர் தொடரலாம். தேறாதவர் இனி மருந்தைத் தொடக் கூடாது.

பரீட்சைக்கு ஒரு பொய் நோயாளி தேவை. அங்கே யாருக்கும் முகம் தெரியாத, வயதான, தமிழும் இந்தியும் பேசுகிற ஆள். ஏற்பாடு செய்திருந்த அம்மாளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

“அப்பத்தா, நீ வர்றியா?” என்றாள் சங்கீதா.

“எனக்கு என்னத்தா தெரியும்?”

“முட்டி வலிக்குதுன்னு சொல்லத் தெரியுமில்ல?”

“அதுக்கு நடிக்கவே வேணாமே.”

இப்படித்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ஷாதிபூரில் ஆட்டோ ஏறினோம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் பத்து நிமிடம், எண்பது ரூபாய். மழை என்பதால் இருபது கூடக் கேட்டார். கப்பல் டிக்கெட்டை மூன்று நாள் முன்னதாகவே வாங்கி வைத்திருந்தோம். தீவுவாசி அட்டை இருந்ததால் படுக்கை இடத்துக்கு ஆளுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும், அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நமக்கும் அதே கதைதான். ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் ஏழு பத்துக்கு நகர்ந்தது. தூரம் நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். நல்ல கடலாக இருந்தால் ஆறு மணி நேரம், ஆகஸ்டில் ஏழரை.

கீழ்த்தளத்தில் படுக்கை. டீசல் வாடையும் ஈரத் துணி வாடையும் கலந்து அடிக்கும். எலுமிச்சம்பழம் ஒன்று மடியில் வைத்துக்கொண்டேன். கப்பல் ஆட ஆட, எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து சங்கீதா எனக்குப் பாடம் எடுத்தாள்.

“எங்க வலிக்குது?”

“முட்டிதேன். ரெண்டு மாசமா.”

“வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“நெஞ்சுக்கு ஒண்ணு. ரத்தம் கட்டாம இருக்க.”

“அத அவங்க கேட்டாத்தான் சொல்லணும். கேக்கலைன்னா வாயே தெறக்கக் கூடாது.”

“நான் வாயத் தெறக்காம இருக்கணுமா? உங்க தாத்தா உசுரோட இருந்தா டிக்கெட் எடுத்து வந்து பாத்திருப்பாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு விளக்கினாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வழக்கமான வலி மாத்திரையைக் கொடுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். வெளியே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு தீவில் ஒரு பெண் இப்படித்தான் போனாள். சங்கீதா அப்போது அந்தப் பக்கம் வேலையில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் மனு எழுத ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான், கப்பலில்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த வங்காளி அம்மாள் நாங்கள் பேசியதில் முட்டியும் நெஞ்சும் மட்டும் புரிந்து, நான் பெரிய நோயாளி என்று முடிவு கட்டிவிட்டார். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, என் முட்டியில் தைலமும் தேய்த்துவிட்டார். நடிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. தேய்த்தது சுகமாகவும் இருந்தது.

மதியம் இரண்டு நாற்பதுக்கு ஹட் பே. ஜெட்டியில் ஷேர் ஜீப், கடைத்தெருவுக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் பெயர் தபன், வங்காளி. பஜாரில் எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார், நடுநடுவே இந்தி கொட்டும்.

“பைட்டோ ஆண்ட்டி, உக்காருங்க. டிரெய்னிங்கா? சிவனு பாயும் அதுக்குத்தான் வராரு.”

“யாரு சிவனு?”

“அட, எங்க அட்டாரா கிலோமீட்டர் டாக்டர்! டாக்டர் இல்ல, ஆனா எங்களுக்கு டாக்டர்.”

அந்தக் குடியிருப்புக்கு அரசாங்கத் தாளில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் இருப்பதால் எல்லோருக்கும் அது ‘அட்டாரா’. அங்கே உள்ள மையத்தில் பத்தொன்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவர் சிவனு. தபனின் அம்மாவுக்குச் சர்க்கரை. மாதாமாதம் மாத்திரை அவர் கையால்தான். நர்ஸ் செவ்வாய், வெள்ளி இரண்டு காலை மட்டும் வருவார்.

“சிவனு பாய் பாஸ் ஹோ ஜாயேகா நா, மேடம்? பாஸ் ஆயிருவாரில்ல?” என்று கண்ணாடியில் சங்கீதாவைப் பார்த்துக் கேட்டார்.

“படிச்சா பாஸ்,” என்றாள் அவள்.

“இல்லேன்னா?”

இல்லையென்றால் என்ன என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கதவு மூடியிருக்கும்.

தங்கியது பஜாருக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய், வெந்நீர் கேட்டால் வாளியில் வரும். கொசுவலை கேட்டு வாங்குங்கள். மீன் சாப்பாடு நூற்றைம்பது. மின்சாரம் மாலையில் இரண்டு முறை போனது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்பது மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் பழகாது, வெளியே சுற்றுவதையெல்லாம் விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயும் புதனும் ஒரு சமுதாயக் கூடத்தில் வகுப்பு. பதினோரு பேர் வந்திருந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. பரீட்சைக்கு முன் என்னை அவர்கள் சங்கீதாவோடு பார்க்கக் கூடாது என்பதால், சாப்பாடு பரிமாறும் பெண்களோடு பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஜன்னல் வழியே அவள் குரல் கேட்கும். எந்த மருந்தை வெயிலில் வைக்கக் கூடாது, குளிர்பெட்டி நின்றுபோனால் உள்ளே இருப்பதை என்ன செய்ய வேண்டும், காலாவதி தேதியை எங்கே பார்க்க வேண்டும். இந்தியில் சொல்லி, தமிழில் சொல்லி, மறுபடி இந்தியில் சொல்வாள். உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “அது எம் பேத்தி” என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் ஒருவர் தட்டைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் நரை, சட்டைப் பையில் மூன்று பேனா.

“நீங்க தமிழாம்மா? எந்தப் பக்கம்?”

“பரமக்குடிப் பக்கம். நீங்க?”

“நாங்க கச்சால் ரப்பர் தோட்டத்து ஆளுங்கம்மா. அப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க, நான் அப்ப மூணு வயசுப் புள்ள. சுனாமிக்குப் பொறகு இந்தப் பக்கம் வந்துட்டோம்.”

அவர்தான் சிவனு. என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். வகுப்பு எப்படி என்று கேட்டேன்.

“நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க அந்தப் புள்ள. எல்லாம் எழுதிக்கிட்டேன். ஒண்ணுதான் சிரிப்பா இருக்கு. வாறவங்ககிட்ட வேற என்ன மருந்து குடிக்கிறீங்கன்னு கேக்கணுமாம். எங்க ஊருல கேட்டா ஏசுவாங்கம்மா!”

“ஏன் ஏசணும்?”

“அறுபது வீடு. ஆளு வாசல்ல கால் வைக்கும்போதே தெரியும். மண்டல் வீட்டம்மான்னா சக்கர மருந்து குடிக்கிறாங்க, அவங்க புருசனுக்குப் பிரஷரு. அந்தோணி மகளுக்கு ஃபிட்ஸ் மருந்து. கேட்டேன்னு வைங்க, ‘ஏம்பா, இத்தன வருசமா குடுக்கிற, எங்க வீட்டுச் சங்கதி மறந்துருச்சா, எங்கள வேத்தாளாக்கிட்டியா’ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கையில் வெங்காயம் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வகுப்பில் சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்கிறார், நாளைக்குக் கேட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்குப் பரீட்சை. சின்ன அறை, ஒரு மேசை, அதன்மேல் மருந்துப் பட்டைகள். எல்லாம் காலி அட்டைகள், மாதிரிக்கு வைத்தவை. ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். நான் முட்டி வலி சொல்ல வேண்டும். அவர் போனதும் தாளில் ஐந்து கேள்விக்கு டிக் போட வேண்டும். எனக்காகச் சங்கீதா தமிழில் எழுதித் தந்திருந்தாள். மூன்றாவது கேள்வி, ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாரா?’ அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மற்ற நான்கும் சரியாக இருந்தாலும், நட்சத்திரம் தவறினால் தேர்ச்சி கிடையாது. பயிற்சி கொடுக்கிறவர் அறைக்குள் இருந்தால் பதறுவார்கள் என்று சங்கீதா வெளியே இருந்தாள். உள்ளே நடப்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

ஏழாவது ஆளாகச் சிவனு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நீங்களாம்மா! உக்காருங்க, உக்காருங்க. என்னா செய்யுது?”

“முட்டி வலி தம்பி. ரெண்டு மாசமா.”

நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை. எந்த முட்டி, ஏறும்போதா இறங்கும்போதா, வீக்கம் உண்டா என்று கேட்டார். மாடிப்படி வீடா என்று கேட்டார். கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் வெட்டுவதை விட்டுவிடுங்கள், மேசையில் வைத்து நின்று வெட்டுங்கள் என்றார். கப்பலில் வாந்தி வந்ததா, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், மழையில் எப்படிப் போவீர்கள். மாத்திரைப் பட்டையை எடுத்துத் தேதி பார்த்தார். சாப்பிட்ட பிறகுதான், வெறும் வயிற்றில் கூடாது, ஐந்து நாளுக்குமேல் தொடரக் கூடாது, மலம் கறுத்துப் போனால் உடனே ஓடி வாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

எல்லாம் கேட்டார். அதை மட்டும் கேட்கவில்லை.

நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “இத நான் சாப்பிடலாமா தம்பி?” என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

“தாராளமா குடிங்கம்மா. ஒண்ணும் செய்யாது,” என்றார்.

வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார்.

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மதியம் ஒன்றரைக்குச் சங்கீதா தாள்களைச் சரிபார்த்தாள். சிவனுவின் தாளில் அவள் கை நின்றது. இரண்டு நாளும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாம் எழுதிக்கொண்ட ஆள்.

“இன்னொரு தடவ வைக்கக் கூடாதாத்தா?” என்றேன்.

“ஒரு தடவதான்னு இருக்கு. நாங்கதான் எழுதிக் குடுத்தோம். தேறுற வரைக்கும் வச்சுக்கிட்டே இருந்தா அது பரீட்சையே இல்லன்னு நான்தான் அந்த வரியச் சேத்தேன்.”

“அந்த ஊருல வேற ஆளு இல்லையே.”

“தெரியும்.”

“அவரு ஊரு ஆளுகள அவருக்குத் தெரியும்த்தா. என்னயத் தெரியாது, அம்புட்டுத்தேன்.”

“புதுசா ஒரு மருமக அந்த ஊருக்கு வந்தா? போட்டுல வேலைக்கு ஒருத்தன் வந்தா? அவங்களையும் தெரியாதே அப்பத்தா.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “நான் வேணா டிக்க மாத்திப் போடவா?” என்று கேட்டேவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். “உள்ள இருந்தது நீதான். உன் கையெழுத்துதான் இருக்கு. நான் உன்னக் கேள்வி கேக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் அவள் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மாத்திரை கொடுத்தவரும் நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசியிருப்பார். பேனாவை மூடி வைத்தேன்.

நான்கு மணிக்கு முடிவைப் படித்தார்கள். ஒன்பது பேர் தேர்ச்சி. ஒருவர் பரீட்சைக்கே வரவில்லை. சிவனு பேர் படிக்கப்படவில்லை என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எழுந்து நின்று, பட்டியல் முடிந்துவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நான் ரத்த மருந்து சாப்பிடுகிற நெஞ்சு நோயாளியாக நடித்ததையும், அவர் அதைக் கேட்காமல் விட்டதையும் பிறகு சங்கீதா அவரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் பதினெட்டுக்குப் போனோம். மருந்திருப்பைப் பார்த்து நர்ஸிடம் ஒப்படைக்கிற வேலை சங்கீதாவுக்கு. பஜாரிலிருந்து காலை எட்டு பத்துக்கு அரசு பஸ், முப்பது ரூபாய். ரோடு மோசம், ஐம்பது நிமிடம் ஆனது. வழி முழுக்க ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கைவிட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டம். பார்க்க அழகான ரோடு என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

சிவனு எங்களுக்கு முன்னாலேயே கதவைத் திறந்து வைத்து, அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். நெசமாவே உங்களுக்கு நெஞ்சு நோவு இருக்கா? ரத்த மருந்து குடிக்கிறீங்களா?”

“இல்ல தம்பி. அது நடிப்பு.”

“அப்ப சரிம்மா,” என்றார். “நேத்து முழுக்க அதே நெனப்பு. மருந்துன்னு கையில குடுத்துட்டேனே.” மறுபடி போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

ஒன்பதரைக்குத் தபனின் அம்மா வந்தார், மஞ்சள் பிளாஸ்டிக் பையோடு. நேராகச் சிவனுவிடம் போய் மருந்து கேட்டார்.

“சிவனு, தவா தே.”

சிவனு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நர்ஸைக் காட்டினார். கிழவி நர்ஸிடம் போனார். நர்ஸ், பாவம், புது வழக்கப்படி, வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

“உஸ்கோ பூச்சோ!” என்று கிழவி சிவனுவைக் காட்டிக் கத்தினார். அவனைக் கேள், அவனுக்குத் தெரியும். பிறகு சிவனுவிடமே திரும்பி, “என்னடா, ஊமையாயிட்டியா?” என்பதுபோல வங்காளியில் ஏதோ வைதார். சிவனு கையைக் கட்டியபடியே சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் சங்கீதா ஒரு நோட்டை எடுத்தாள். “சிவனு அண்ணே, இங்க வந்து உக்காருங்க. வீடு வீடா சொல்லுங்க. யார் யார் என்ன மருந்துன்னு. நான் எழுதிக்கிறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ரோட்டோரம் முதல் வீட்டிலிருந்து. வீட்டுக்காரர் பேர், மருந்து, எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எது ஒத்துக்கொள்ளாது. இந்த வீட்டில் கிழவருக்கு எழுத்துத் தெரியாது, பட்டையின் மூலையை வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் மாமியாருக்குக் கொடுப்பதை மருமகள் சாப்பிட்டுவிடுவாள், தனியாகச் சொல்ல வேண்டும். இன்னொரு வீட்டில் பையன் மாத்திரையை நாக்கடியில் வைத்துத் துப்பிவிடுவான், தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. சங்கீதாவின் கை வலித்து, நடுவில், ஒப்படைப்புக்காக அன்று மாலைவரை இருந்த நர்ஸ் எழுதினார், பிறகு நானும் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். கஞ்சியும் கருவாடும் அவர் வீட்டிலிருந்து வந்தன. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

பஜாருக்குக் கடைசி பஸ் மூன்றேகாலுக்கு. அதைவிட்டால் ஜீப் அமர்த்த வேண்டும், மழை நாளில் கிடைக்காது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்பல். பஸ் ஹாரன் அடித்தபோது முப்பத்தேழு வீடு முடிந்திருந்தது. மீதியை நர்ஸ் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பஸ் திரும்பும்போது பார்த்தேன், சிவனு வாசலில் நின்று விரல் விட்டு மீதி வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைக் கப்பலில் நல்ல கடல். மதியம் பன்னிரண்டரைக்கே போர்ட் பிளேர் வந்துவிட்டோம். வழியில் சங்கீதாவின் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதை எழுதுவது மூன்று மாதம் கழித்து. பதினெட்டுக்கு மருந்தாளுநர் பணியிடம் காகிதத்தில் வந்துவிட்டது. அது சங்கத்தின் வெற்றிதான், மறுக்கவில்லை. தேர்வான பையன் போர்ட் பிளேர் வரை வந்து, இடத்தைக் கேட்டுவிட்டுச் சேராமலே திரும்பிவிட்டான். சிவனுவைத் தண்ணீர் மோட்டார் போடும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். யாராவது மாத்திரைப் பட்டையைக் காட்டிக் கேட்டால், “நான் சொல்லக் கூடாதுங்க” என்கிறாராம். நோட்டு முப்பத்தேழு வீட்டோடு நிற்கிறது, நர்ஸுக்கு நான்கு ஊர் தடுப்பூசி வேலை. அக்டோபரில் ரோட்டுப் பாலத்துக்குமேல் தண்ணீர் போய், நர்ஸ் வர முடியாமல், தபனின் அம்மா ஒன்பது நாள் மாத்திரை இல்லாமல் இருந்து, சர்க்கரை ஏறி ஹட் பே ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது வீட்டில். தபன் எனக்குப் போன் செய்தார். “உங்க பேத்தி நல்லதுக்குத்தான் பண்ணாங்க ஆண்ட்டி, மாலூம் ஹை, தெரியும்,” என்றார். சங்கீதா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கடிதம் எழுதுகிறாள். முதல் கடிதத்தில் பணியிடம் கேட்டவள், இப்போது சிவனுவுக்கு இன்னொரு பரீட்சை கேட்டு எழுதுகிறாள். தானே சேர்த்த வரியைத் தானே அடிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவளை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமைதான். மனசுதான் கனக்கிறது.

ஹட் பே போகிறவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கப்பல் நேரம் முதல் நாள் மாலை மாறும், ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள், பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப வேண்டாம். வடக்கே போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைப் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, அதன் பேர்களை ஒரு தாளில் எழுதிப் பையில் போடுங்கள்.

வழியில் உடம்புக்கு முடியாமல் எங்காவது மருந்து வாங்க நின்றால், எதிரே இருப்பவர் படித்தவரோ படிக்காதவரோ, அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.